கனம் பார்த்து வாங்கிய கீசர்

ஜனவரி 9, வெள்ளி

இன்றைய தவறு: தண்ணீரின் சூட்டைப் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தேன்.

வயரிங் வகுப்பில் நாட்குறிப்பை இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரி அன்றைய தவறு, கடைசி வரி மறுநாள் வேலை. நடுவில் எதுவும் எழுதலாம் என்றார் இசக்கிமுருகன் சார். வகுப்பில் மற்றவர்கள் நடுவில் ஒன்றும் எழுதுவதில்லை. பகல் முழுவதும் தீப்பெட்டி ஆபீசில் பில் போட்டுவிட்டு மாலையில் வகுப்புக்கு ஓடுகிற எனக்கு வாயைத் திறக்க வேறு இடம் இல்லை. அதனால் நடுவில்தான் எனக்கு எல்லாம்.

நடந்தது இது. அக்கா மாரிச்செல்விக்கு ஐப்பசியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம், கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். தை பிறந்ததும் நாகலாபுரத்தில் அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். போவதற்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாடி பாத்ரூமில் கீசர்.

அந்த வீட்டில் வெந்நீர் கொல்லையில், விறகடுப்பின் மேல், அண்டாவில் இருக்கும். அண்டா அவள் மாமியார் சுந்தரம்மாள் அத்தையின் ஆட்சிக்கு உட்பட்டது. அத்தை இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்க வைப்பார், அவ்வளவுதான். கேட்டதும், "இப்பத்தானட்டி குளிச்ச?" என்பார். பிறகு விறகு ஈரம் என்பார். பிறகு அடுப்படியில் ஒரு வேலை சொல்வார். மாதம் ஒருமுறை தலைக்குக் குளிக்க வெந்நீர் கேட்டால் அந்த வீட்டில் ஆண்கள் உட்பட எல்லோருக்கும் தேதி தெரிந்துவிடும்.

"எனக்கு ஒரு வாளி வென்னி போதும் பானு. யார்ட்டயும் கேக்காம வரணும்" என்றாள் அக்கா.

அத்தான் கண்ணபிரான் உடனே சரி என்றுவிட்டார். அவருக்கு வாங்குவது என்றால் பிடிக்கும். வாங்கியதைப் பயன்படுத்துவது அவ்வளவாகப் பிடிக்காது. அவர் வீட்டு சோபாவின் பிளாஸ்டிக் உறை கல்யாணத்தன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தால் சருகில் உட்கார்ந்ததுபோல் சத்தம் வரும். டிவி ரிமோட்டுக்கு உறை, அந்த உறை கிழியாமல் இருக்க ரப்பர் பேண்டு. வீட்டின் முகப்பில் நான்கு வகை டைல்ஸ். கடையில் எது அழகு என்று முடிவு செய்ய முடியாததால் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டார்.

எந்த அளவு கீசர் வேண்டும் என்று கணக்குப் போடும் வேலையை அக்கா என்னிடம் கொடுத்தாள். கணக்கு எளிது. குழாயில் வரும் தண்ணீர் எத்தனை டிகிரி, குளிக்க எத்தனை டிகிரி வேண்டும், எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். இவ்வளவுதான். இன்று அரைநாள் லீவு போட்டு, வகுப்பிலிருந்து வெப்பமானியை இரவல் வாங்கிக்கொண்டு நாகலாபுரம் போனேன். மாடிக் குழாயைத் திறந்து அளந்தேன். முப்பத்தாறு. குளிக்க நாற்பது போதும். வித்தியாசம் நான்கு டிகிரி.

"அத்தான், கணக்குப்படி பார்த்தா கீசரே தேவையில்ல" என்றேன். மிகவும் தன்னம்பிக்கையோடு சொன்னேன். அதுதான் வலிக்கிறது.

பஸ் விளாத்திகுளம் தாண்டும்போது புத்தி வந்தது. மொட்டை மாடியில் கறுப்பு டேங்க். நிழலுக்கு ஒரு முருங்கை இலைகூடக் கிடையாது. மார்கழி வெயிலானாலும் எங்கள் பக்கத்து வெயில். மூன்று மணிக்கு அந்தக் குழாயில் வெந்நீர் வராமல் வேறு என்ன வரும்? பிள்ளை பெற்றவள் மூன்று மணிக்கா குளிக்கப் போகிறாள்?

போனில் அழைத்துத் திருத்தினேன். அத்தான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அது நீண்ட காத்திருப்பு.

நாளைய வேலை: விடிவதற்கு முன் எழுந்து எங்கள் வீட்டு டேங்க் தண்ணீரை அளப்பது. அதுவும் கறுப்பு டேங்க், அதுவும் மொட்டை மாடி.

ஜனவரி 11, ஞாயிறு

இன்றைய தவறு: கனம் பார்க்கும் மனிதரிடம் டிகிரி பேசினேன்.

விடிகாலைத் தண்ணீர் இருபத்து நான்கு டிகிரி. ஏற்ற வேண்டியது பதினாறு. மூன்று கிலோவாட் உள்ள, டேங்க் இல்லாத சின்ன கரண்ட் கீசர் அந்த ஏற்றத்தில் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் தரும். அக்காவின் வாளி ஏழு நிமிடத்தில் நிறையும். கரண்ட் குறைந்த நாளில் ஒன்பது. அவள் பல் தேய்த்து முகம் கழுவி முடிக்கும் நேரம். நான்கு முறை போட்டுப் பார்த்தேன். நான்கு முறையும் இதே விடை வந்ததால் சந்தேகம் வந்து ஐந்தாம் முறையும் போட்டேன்.

அத்தான் ஆட்டு வியாபாரி. நேற்று எட்டயபுரம் சந்தையில் நல்ல வியாபாரமாம். அதே உற்சாகத்தோடு, அதே கூலிங் கிளாஸோடு கோவில்பட்டிக்கு வந்தார். பாரூக் அண்ணாச்சியின் கடைக்குப் போனோம். அண்ணாச்சி வீட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர், எங்கள் வகுப்புக்கு வயர் கொடுப்பவர்.

"இது போதும் அத்தான்" என்று சின்ன கீசரைக் காட்டினேன். "விடிகாலைத் தண்ணி இருபத்தி நாலு டிகிரி. பதினாறு டிகிரி ஏத்துனா..."

"அன்னைக்கு நாலுன்னா, இன்னைக்குப் பதினாறுங்கா. நாளைக்கு என்ன சொல்லுவியோ?"

"அது மூணு மணித் தண்ணி அத்தான்."

"தண்ணிக்கு மணி உண்டாட்டி? ஏ பாய், உங்க கடைத் தண்ணிக்கு இப்ப மணி என்ன?"

பாரூக் அண்ணாச்சி சிரிக்கவில்லை. கடைப்பையன் சிரித்தான். அத்தானுக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு அவர் செய்ததை நான் என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். சின்ன கீசரின் பெட்டிக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, சந்தையில் ஆட்டின் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்களே, அதேபோல் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, கண்ணை மூடி, இறக்கினார்.

"குட்டி. இன்னும் பால் மறக்கல."

பக்கத்தில் ஒரு பெரிய கேஸ் கீசர் இருந்தது. அதையும் தூக்கினார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு நிறைவு.

"இது கிடா. பாய், இது எத்தனை குடம் பிடிக்கும்?"

"இதுல தண்ணி நிக்காது அண்ணாச்சி. ஓடுத தண்ணியைச் சுட வைக்கும். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர்."

"அந்தக் குட்டி?"

"ரெண்டரை, மூணு."

"மூணு லிட்டர்ல மூஞ்சி கழுவலாம். பத்தைப் போடுங்க."

பாரூக் அண்ணாச்சி பெட்டியில் கை வைத்தார், ஆனால் எடுக்கவில்லை. "ஒண்ணு கேக்குதேன். உங்க டேங்க் எங்கன இருக்கு?"

"பாத்ரூமுக்கு நேர் மேல. ஒரு சாண் பைப்பு வீணாக்கல."

"அப்ப உசரம் இல்ல, மாடிக்குத் தண்ணி வேகம் பத்தாது. இந்தப் பெரிசுல தீ பத்துறதுக்கு வேகம் வேணும். வேகம் இல்லன்னா பத்தாது, பத்துனாலும் தண்ணி கொதிக்கும். பாப்பா சொல்லுத சின்னதுதான் உங்களுக்குத் தோது."

"தண்ணி மேலருந்து கீழதான வருது? ஏறவா போகுது?" என்றார் அத்தான். "நாகலாபுரத்துல கண்ணபிரான் வீட்டுல மூணு லிட்டர் கீசருன்னு எவனாவது சொன்னா நான் சந்தைக்குள்ள தலை காட்ட முடியுமா?"

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நான்கு டிகிரி என்று அவ்வளவு உறுதியாகச் சொன்ன என் வாய்தானே இது என்று தோன்றியது. அதோடு இன்னொரு சந்தேகம். எனக்கு அத்தானைப் பிடிக்காது. பிடிக்காததால் சின்ன கீசர் சரி என்று கணக்கு வந்துவிட்டதோ?

ஆறாம் முறை போட்டுப் பார்த்தேன். பதினாறு டிகிரிக்கு அத்தானைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது பதினாறாகவே இருந்தது.

நாளைய வேலை: பெரிய கீசருக்குக் குறைந்தது எவ்வளவு தண்ணீர் வேகம் வேண்டும் என்று வகுப்பில் கேட்பது.

ஜனவரி 18, ஞாயிறு

இன்றைய தவறு: பத்து லிட்டர் கீசர் வேலை செய்யாமல் போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அக்கா தோளில் துண்டோடு நிற்கிறாள் என்பதை மறந்துவிட்டு வேண்டிக்கொண்டேன்.

காலையில் அக்காவையும் குழந்தையையும் கொண்டுபோய் விட்டோம். அம்மாவும் சித்தியும் காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் சாயங்கால பஸ்ஸுக்கு இருந்தேன்.

கேஸ் கீசரை அடைத்த பாத்ரூமுக்குள் மாட்டக் கூடாது என்று மாட்ட வந்தவர் கண்டிப்பாகச் சொல்லி, பால்கனிச் சுவரில் மாட்டியிருந்தார். உயிருக்கு ஆபத்து என்று அவர் சொன்னது அத்தான் காதில் விழுந்திருக்காது. பால்கனியில் மாட்டினால் தெருவிலிருந்து தெரியும் என்பது விழுந்திருக்கும். கீசரின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை. பொட்டை அந்தத் தாளின் மேல்தான் வைத்திருந்தார். பாத்ரூமுக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஷவர். மழைபோல் கொட்டுமாம். இருக்கிற கொஞ்ச வேகத்தையும் நூறு துளையில் பிரித்துவிடுகிற சாமான் அது.

ஒன்பது மணிதான் இருக்கும், டேங்க் இன்னும் சூடேறவில்லை. முதல் தண்ணீரைத் தொட சுந்தரம்மாள் அத்தையை அழைத்தார் அத்தான். பக்கத்து வீட்டு கோமதியம்மாளும் பார்க்க வந்துவிட்டார். குழந்தை என் தோளில். அக்கா துண்டோடு, மாற்றுச் சேலையோடு வாசலில் நின்றாள். விடிவதற்கு முன்பிருந்தே பஸ், கூட்டம், புழுதி. அவளுக்குக் குளிக்க வேண்டும். அங்கே இருந்தவர்களில் குளிப்பதற்காக நின்றவள் அவள் ஒருத்திதான்.

அத்தான் குழாயைத் திறந்தார். ஷவரிலிருந்து தண்ணீர் சொட்டியது. பால்கனியில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"ஏலே, குளுந்த தண்ணில்லா வருது" என்றார் அத்தை.

"பொறும்மா. மிஷினு யோசிக்குது."

"யோசிச்சுக் குடுக்கதுக்கு அது என்ன சம்பந்தி வீடா?"

கோமதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தான் சிலிண்டரை ஆட்டினார். கீசரைத் தட்டினார். சண்டி மாட்டைத் தட்டுவதுபோல் இரண்டாம் முறை பலமாகத் தட்டினார். பிறகு ஷவரைத் திருகிக் கழற்றினார். தண்ணீர் ஒரே தாரையாக விழுந்தது. பால்கனியில் பப் என்று தீ பிடித்தது.

"பாத்தியா!" என்றார்.

அத்தை விரலை நீட்டினார். உடனே இழுத்துக்கொண்டார். "எம்மா! சோறு வடிக்கலாம்லே இதுல! பச்ச உடம்புக்காரி மேல இதையா ஊத்தச் சொல்லுத?"

நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கான தீ, அதில் பாதிகூட இல்லாத தண்ணீர். வேறு எப்படி வரும்? அத்தான் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் திறந்து விளாவப் பார்த்தார். ஒரே டேங்க். அங்கே திறந்ததும் கீசருக்குப் போகிற வேகம் குறைந்தது. தீ அணைந்தது. குளிர்ந்த தண்ணீர். மூடினார், தீ, கொதிநீர். திறந்தார், அணைந்தது. அத்தான் ஓயவில்லை. கேஸ் செலவழித்து ஒரு மனிதர் குழாயோடு கபடி ஆடுவதை நான் இன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் வெளியே வந்து, வேட்டியைப் பிழிந்துவிட்டுக்கொண்டு, தீர்ப்பு சொன்னார்.

"கீசர்ல குத்தமில்ல. டேங்க்தான் தணிஞ்சு கிடக்கு."

நான் வாயைத் திறந்தேன். "அத்தான், சின்ன கீசர்..."

"நீ சும்மா இருட்டி, மூணு மணி. பத்தடிக்கு நாலு தூணு எழுப்பி டேங்கைத் தூக்கி மேல வச்சிருவோம். நாகலாபுரத்துலயே உசந்த டேங்க் நம்மளதா இருக்கும்."

உடனே கொத்தனார் மந்திரமூர்த்தியைப் போனில் அழைத்தார். எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். எல்லோரும் கேட்டோம்.

"அண்ணாச்சி, அது கரிசல்ல நிக்குத வீடு. படிச் சுவத்துல வெடிப்பு ஓடுனதை நான்தான் பூசுனேன். அதுக்கு மேல தூணு, தூணுக்கு மேல ஆயிரம் லிட்டரா? கட்டித் தாரேன். ஆனா யாரு கட்டுனான்னு கேட்டா என் பேரைச் சொல்லாதீங்க."

"மாசிக்குள்ள முடிச்சிரு" என்றார் அத்தான்.

ஒரு கீசரை மாற்ற மாட்டார். வீட்டை மாற்றுவார். கால் சிறிதென்றால் செருப்பை மாற்றாமல் காலை இழுத்து நீட்டுகிற ஜாதி.

அத்தைக்கு இதில் மகிழ்ச்சி. மறைக்கவும் இல்லை. "மாசி வரைக்கும் என்ன, என் அடுப்பு எங்க போச்சு? கேட்டா குடுக்கப் போறேன்" என்றார் அக்காவைப் பார்த்து.

கேட்டா. அந்தச் சொல்தான். அக்கா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தாள். நிதானமாக மடித்தாள்.

"நான் கேக்க மாட்டேன் அத்தை" என்றாள்.

"என்னட்டி?"

"மூணு வருசமா கேட்டாச்சு. இனிமே கேக்க மாட்டேன்." பிறகு அத்தானைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க தூணு கட்டுங்க. கோபுரமே கட்டுங்க. முடியுத வரைக்கும் நான் எங்க அம்மா வீட்டுல இருக்கேன். முடிஞ்சதும் சொல்லி விடுங்க, வாரேன். ஏட்டி பானு, பிள்ளையை இறக்காத. சாயங்கால பஸ்ஸுக்கு நானும் வாரேன்."

"கொண்டாந்து விட்ட அன்னைக்கேவா? ஊரு என்ன சொல்லும்?"

"வென்னி வரலன்னு சொல்லும்."

கோமதியம்மாள் இப்போது வாயைப் பொத்தவில்லை. அதை அத்தானும் கவனித்தார். மாலைக்குள் தெரு முழுவதும் கதை தெரிந்துவிடும், சனிக்கிழமைக்குள் எட்டயபுரம் சந்தைக்கே போய்விடும் என்று அவர் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. அவர் வாழ்க்கையில் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுவாக இருக்கும்.

அக்காவைப் பால்கனிப் பக்கம் அழைத்துப் போனார். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர்களைப்போல் குரலைத் தாழ்த்திப் பேசினார். நான் குழந்தையோடு நகராமல் நின்றேன், எல்லாம் கேட்டது.

"சரி, அந்தக் குட்டியை வேணும்னா உள்ள மாட்டிக்கிடு. கதவுக்குப் பின்னால. ஆளுக வந்தா தெரியக் கூடாது."

"தெரியாது."

"இது இங்கனயே இருக்கட்டும். கழட்டக் கூடாது."

"இருக்கட்டும். யாருக்கும் சுடாத வரைக்கும் இருக்கட்டும்."

ஆக, கிடா பால்கனியில், சந்தனப் பொட்டோடு, பிளாஸ்டிக் தாளோடு, தெருவைப் பார்த்து நிற்கும். தூண் பேச்சு அதோடு நின்றது. மந்திரமூர்த்திக்கு போன் போட்டதை அத்தான் மறந்துவிட்டார். மந்திரமூர்த்தி மறக்க மாட்டார், ஊரெல்லாம் சொல்வார்.

பஸ் நிறுத்தம் வரை அத்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். இறங்கியதும் சொன்னார்: "ஏட்டி, கேக்குறவியகிட்ட அந்தக் குட்டி ஸ்பேர் கீசர்னு சொல்லு."

சரி என்றேன். என் மரியாதைக்கும் ஓர் எல்லை உண்டு, அது இன்று அங்கே முடிந்தது. ஆனாலும் சரி என்றேன். அக்கா அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

எழுதும்போது மறுபடியும் பயம். சின்ன கீசருக்கும் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு. அந்த ஷவரோடு அதுவும் ஓடாது. வெறும் குழாயில் ஓடும், வாளிக்குத்தானே? பாரூக் அண்ணாச்சி பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் படமெடுத்து அனுப்பினார். மாடிக் குழாயில் வாளி வைத்து இன்று நான் அளந்தது அதைவிட நன்றாகவே அதிகம். இரண்டு முறை அளந்தேன். இரண்டும் வேறு வேறு நேரத்தில்.

கிளம்பும்போது மணி மூன்று. அக்காவிடம் கேட்டேன். "கீசர் மாட்டுத வரைக்கும் குளிக்க என்ன செய்வ? கேக்க மாட்டேன்னு சொல்லிட்டியே?"

இன்று முதல்முறையாக அக்கா சிரித்தாள். "உன் மூணு மணித் தண்ணி இருக்குல்லா. நீ போன வாரமே அளந்து சொல்லிட்டியே, முப்பத்தாறு. இன்னைக்கு அதுலதான் குளிக்கப் போறேன். போ, பஸ்ஸு வந்துரும்."

நாளைய வேலை: ஆபீசில் அரைநாள் லீவு சொல்வது. பாரூக் அண்ணாச்சி கடையில் மூன்று கிலோவாட் கீசர், தனி லைனுக்கு நான்கு எம்.எம். வயர், பதினாறு ஆம்பியர் சுவிட்ச் வாங்குவது. இசக்கிமுருகன் சாரை நாகலாபுரத்துக்குக் கூட்டிப்போய், எர்த் சரியாக இருக்கிறதா என்று அவர் பார்த்த பிறகு மாட்டுவது. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, அக்காவின் கை எட்டும் உயரத்தில்.